மூச்சுத்திணறல் நின்றது, மாத்திரையை நிறுத்தலாமா?

"டாக்டர், இப்போது மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை. கால் வீக்கமும் வற்றிவிட்டது. இனியும் இத்தனை மாத்திரைகள் வேண்டுமா?"

இதயநோய்ப் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி இது. கேள்வி நியாயமானதே. ஆனால், எங்களிடம் கேளாமல் விடையைத் தாமே தீர்மானித்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுள் சிலரைச் சில மாதங்களுக்குப் பின் நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் மீண்டும் காண்கிறோம்.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பொருளன்று. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தைச் செலுத்த இதயம் திணறுகிறது என்பதே பொருள். எக்கோ அறிக்கையில் 'ஈ.எஃப்.' என்று ஓர் எண் இருக்கும். இதயத்தின் இடது கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுகிறது என்பதை அது காட்டுகிறது. நலமான இதயத்திலும் அது 100 ஆக இருப்பதில்லை. ஏறத்தாழ 55 முதல் 70 வரை இருக்கும். அது 40 அல்லது அதற்கும் கீழே இறங்கியவர்களுக்கான மருந்துகளையே இங்கு விளக்குகிறேன்.

இதயம் தளர்ந்தவுடன் உடல் அதற்கு உதவ முற்படுகிறது. சில ஹார்மோன்கள் இதயத்தை வேகமாகத் துடிக்கத் தூண்டுகின்றன. வேறு சில, இரத்தக் குழாய்களைச் சுருக்கி, உப்பையும் நீரையும் உடலில் தேக்குகின்றன. இளைத்த மாட்டைச் சாட்டையால் அடித்து வண்டி இழுக்கச் செய்வது போன்றது இது. வண்டி சிறிது தூரம் ஓடும். மாடு மேலும் நலியும். அந்தச் சாட்டையைத் தடுப்பதும் சுமையைக் குறைப்பதுமே மருந்துகளின் பணி.

முதல் வகையைச் சேர்ந்தவை எனலாபிரில், ராமிபிரில் போன்றவை. இவற்றுக்கு மாற்றாகத் தரப்படும் சாகுபிட்ரில்-வால்சார்டன் கூட்டு மருந்து, 2014இல் வெளியான பெரிய ஆய்வில் எனலாபிரிலைவிடச் சிறந்த பலனைத் தந்தது. 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனலாபிரில் போன்றவற்றிலிருந்து இதற்கு மாறும்போது 36 மணி நேர இடைவெளி கட்டாயம். பழைய அட்டையில் மீதமிருக்கும் மாத்திரையை இதனுடன் சேர்த்து விழுங்கிவிடாதீர்கள்.

இரண்டாம் வகை, பிசோபுரோலால், கார்வெடிலால், மெட்டோபுரோலால் சக்சினேட் ஆகியவை. தொடக்க வாரங்களில் இவற்றால் சற்றுச் சோர்வு தோன்றலாம். ஆகவேதான் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துகிறோம். இவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

மூன்றாம் வகை, ஸ்பைரனோலாக்டோன், எப்ளரினோன். இவை இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைத் தவிருங்கள். இளநீரை மருத்துவரிடம் கேட்டே அருந்துங்கள்.

நான்காம் வகை, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். "எனக்குச் சர்க்கரை நோயே இல்லையே, சர்க்கரை மாத்திரை ஏன்?" என்று பலர் திகைப்பதுண்டு. சர்க்கரை நோய்க்காக வந்த இம்மருந்துகள், அந்நோய் இல்லாதவரின் இதயத்தையும் காக்கின்றன என்பது பின்னர் உறுதியாயிற்று. வாந்தி, வயிற்றுப்போக்கு, உண்ண இயலாமை ஆகியவை ஏற்பட்டால் இவற்றைத் தற்காலிகமாக நிறுத்த நேரிடலாம். உடனே எங்களைக் கேளுங்கள்.

இவற்றோடு தரப்படும் ஃப்ரூசமைடு, தேங்கிய நீரை வெளியேற்றி மூச்சுத்திணறலைத் தணிக்கிறது. பலன் கண்கூடாகத் தெரிவதால் பலரும் இதையே முதன்மை மருந்தாக எண்ணுகின்றனர். ஆயுளை நீட்டுவதாக ஆய்வுகளில் மெய்ப்பிக்கப்பட்டவை, ஓசையின்றி உழைக்கும் மற்ற நான்கு வகைகளே.

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். இதயத் தசை விரிந்து பலவீனமுற்று, பின்னர் சிகிச்சையால் மீண்டு, அறிகுறி ஏதுமின்றி இருந்தவர்களிடம் இலண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவர்களின் கண்காணிப்பில் மருந்துகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. 6 மாதங்களுக்குள் 44 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. அதே காலத்தில், மருந்தைத் தொடர்ந்தவர்களுள் ஒருவருக்கும் திரும்பவில்லை. 2019இல் வெளியான இம்முடிவு உணர்த்துவது ஒன்றே: நீங்கள் நலமாக இருப்பது மருந்து தேவையில்லை என்பதற்கான சான்றன்று; மருந்து வேலை செய்கிறது என்பதற்கான சான்று.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை சில உண்டு. நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன் நோயாளியின் எடையைக் குறித்து வையுங்கள். 3 நாள்களில் 2 கிலோ கூடினால் எங்களை அழையுங்கள். மூட்டு வலிக்கென்று டைக்குளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கித் தராதீர்கள். அவை உடலில் நீரைத் தேக்கும். கருத்தரிக்கும் எண்ணமுள்ள பெண்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இவற்றுள் சில கருவைப் பாதிக்கும்.

தலைசுற்றலோ, வறட்டு இருமலோ, மருந்துச் செலவோ தாங்க முடியாததாக இருந்தால் மறைக்காமல் கூறுங்கள். அளவைக் குறைக்கவும், மருந்தை மாற்றவும், விலை குறைந்த பொதுப்பெயர் மருந்தை எழுதித் தரவும் வழியுண்டு. அடுத்த முறை வரும்போது மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு ஒரு பையில் எடுத்து வாருங்கள். எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.