ஓரெழுத்தில் ஒடுங்கிய ஈரொலி

எலியா தீர்க்கதரிசி, அதாவது நம் வழக்கில் இல்யாஸ் நபி, பஞ்ச காலத்தில் கேரீத் ஓடையருகே மறைந்திருந்தபோது காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொணர்ந்தன என்கிறது எபிரேய வேதத்தின் முதலாம் இராஜாக்கள் நூல், 17ஆம் அதிகாரம். காகங்கள் அல்ல, அரபியரே உணவளித்தனர் என்று பொருள் கொண்டோரும் உளர். உயிர்க்குறியின்றி எழுதப்பட்ட பழைய ஏடுகளில் 'ஓரெவீம்' என்னும் காகங்களும் 'அரவீம்' என்னும் அரபியரும் ஒரே வடிவினர் என்பதே காரணம். பிற்காலத்தில் உயிர்ப்புள்ளி இட்ட மசோரா அறிஞர் காகம் என்றே கொண்டனர்; அவர்களுக்கு நெடுங்காலம் முந்திய கிரேக்கப் பெயர்ப்பிலும் காகமே. நமக்கும் அதுவே ஏற்புடையது.

எனினும் இம்மயக்கம் உயிரொலியால் மட்டும் விளைந்ததன்று. எபிரேயத்தில் இரு சொற்களும் 'அயின்' எழுத்தில் தொடங்குகின்றன. அரபியிலோ காகமாகிய 'குராப்' கைனில் தொடங்கும். 'அரப்' ஐனில் தொடங்கும். பண்டைச் செமித்திய மொழியில் தனித்தனியே நின்ற ஈரொலிகளையும் 22 எழுத்துகளே உடைய எபிரேயம் ஒரே எழுத்தால் குறித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தோராவைக் கிரேக்கமாக்கியோர், அயினில் தொடங்கும் ஓர் ஊர்ப்பெயரைக் 'காஸா' என ககர ஒலியோடு எழுதினர். எழுத்து ஒன்றாயினும் ஒலி இரண்டென்பதை அவர்தம் செவி அறிந்திருந்தது போலும். இன்றைய எபிரேயத்தில் அவ்வூர் 'அஸா'. அரபியில் அது கைனோடு கூடிய 'கஸ்ஸா'.

'ஹேத்' எழுத்தின் கதையும் இதுவே. 'ஹாரஷ்' உழுதான், 'ஹேரேஷ்' செவிடன். இரண்டிற்கும் எழுத்துகள் அவையே. அரபியில் உழவு 'ஹர்ஸ்', ஊமை 'அக்ரஸ்'. முன்னதில் ஹா, பின்னதில் கா. சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929இல் அகழ்ந்தெடுத்த உகரித்துக் களிமண் பலகைகளில் இவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன. உழவுச் சொல் அங்கும் ஹாவோடுதான் வருகிறது. ஆகவே உழவையும் செவிட்டையும் ஒரே வேரில் பிணைத்து நயம் காண்பது வீண் முயற்சி.

ஆனால் அரபியை மட்டும் அளவுகோலாக்குவதும் முறையன்று. மாலைப் பொழுதாகிய 'எரெவ்' என்பதும் காகத்தின் அதே மூன்று மெய்களால் ஆனது. அதனை நம் 'மஃரிப்' என்னும் சொல்லோடு உறவுபடுத்துவர். அச்சொல்லில் உள்ளது கைன். தமிழில் நாம் 'மஃரிப்' என்றும் 'மக்ரிப்' என்றும் இருவகையாய் எழுதித் தடுமாறுவதும் இக்கைனால்தான். உகரித்திலோ கதிரவன் புகுதலைக் குறிக்கும் சொல் ஐனோடு எழுதப்பட்டுள்ளது. எனவே எரெவின் வேர் குறித்த வழக்கு அறிஞரிடையே இன்னும் தீரவில்லை.