செர்மாட்டில் நைட் ஷிப்ட்!

செர்மாட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் மாட்டர்ஹார்னைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். 4,478 மீட்டர் உயரத்தில் அப்படிக் கூர்மையாக ஒரு சிகரம் நின்றால் வேறு எதைப் பார்ப்பது! ஆனால் இந்த ஸ்விஸ் மலைக் கிராமத்தின் அசல் கொண்டாட்டம், சாயங்காலம் கேபிள் கார்கள் ஓய்ந்த பிறகுதான் ஆரம்பம். விருந்தாளிகள் ஹோட்டலில் உட்கார்ந்து உருகிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில், இருண்ட மலைச்சரிவில் விளக்குகள் ஒவ்வொன்றாக முளைத்து ஊர ஆரம்பிக்கும். வாருங்கள், அங்கே போவோம்!

அவைதான் பனிச்சறுக்குப் பாதைகளைச் சீர்செய்யும் வண்டிகள். சங்கிலிப் பட்டையில் ஓடுகிற ராட்சசர்கள். பகலெல்லாம் ஆட்கள் சறுக்கிச் சறுக்கிக் கீழே தள்ளிவிட்ட பனியை, முன்னால் இருக்கும் தகடு மறுபடி மேலே தள்ளிக்கொண்டு போகும். பின்னால் சுழலும் பற்கள் கட்டிகளைப் பொடித்துப் போட, கடைசியில் ஒரு பட்டை அழுத்தித் தலைவாரியது போலக் கோடு கோடாக இழுத்துவிடும். ஓட்டுநரின் எதிரே ஒரு திரை. வண்டிக்கு அடியில் எத்தனை சென்டிமீட்டர் பனி இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே வரும். எப்படித் தெரியும்? பனி இல்லாத காலத்திலேயே வெறும் தரையை அளந்து வைத்திருக்கிறார்கள்! செயற்கைக்கோள் சொல்லும் இப்போதைய உயரத்திலிருந்து அதைக் கழித்தால் ஆயிற்று. எங்கே பனி குவிந்திருக்கிறது, எங்கே பாறை தலைநீட்டப் போகிறது, எல்லாம் தெரிந்துவிடும்.

செங்குத்தான இடங்களில் இன்னும் அமர்க்களம். மேலே ஓர் இடத்தில் கட்டிய நீண்ட எஃகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டி ஏறி இறங்கும். பனியில் புதைந்து கிடக்கும் அந்தக் கயிறு, வண்டி இழுத்ததும் திடீரென்று விறைத்து எழும்பும். ராத்திரியில் சறுக்குப் பாதைகளுக்குள் யாரும் போகக் கூடாது என்று கறாராகச் சொல்வது இதனால்தான். தயவுசெய்து அதை மீறாதீர்கள்.

அவசரமும் உண்டு. பொடித்த பனி மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகச் சில மணி நேரமாவது வேண்டும். நடுராத்திரியில் புதுப்பனி கொட்டினால் திரும்ப முதலிலிருந்து! பனி கொட்டாத நாட்களில் பனிப் பீரங்கிகள் முழங்கும். தண்ணீரைத் துளித்துளியாகச் சிதறடித்து, தரையில் விழுவதற்குள் உறைய வைப்பதுதான் சூட்சுமம். குளிர் மட்டும் போதாது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு நல்லது.

விடியலில் எங்கோ 'டும்' என்று கேட்டால் பயப்படாதீர்கள். சறுக்குகிறவர்கள் வருவதற்கு முன்பே, சரியக் காத்திருக்கும் பனியை வெடி வைத்துச் சரித்துவிடுகிறார்கள். பனிச்சரிவு இங்கே விளையாட்டல்ல. 2018 ஜனவரியில் சாலையையும் ரயில் பாதையையும் மூட வேண்டியதாகி, சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் ஊருக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர்தான் வழி!

இதற்குள் கீழே கிராமம் விழித்திருக்கும். பெட்ரோல், டீசல் கார்களுக்கு இங்கே அனுமதி இல்லை. காரில் வருகிறவர்கள் 5 கிலோமீட்டர் முன்னால் டாஷ் என்ற ஊரிலேயே அதை விட்டுவிட்டு ரயிலேற வேண்டும். ஹோட்டல்களுக்குப் பெட்டி படுக்கை எல்லாம் மின்வண்டியில்தான் போய்ச் சேரும். பெட்டி பெட்டியாக இருக்கும் அந்தக் குட்டி வண்டிகளை உள்ளூர்ப் பட்டறைகளிலேயே செய்கிறார்கள். சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும், பார்த்துப் போங்கள். அப்படியே பழைய தெருவான ஹின்டர்டோர்ஃபுக்குள் நுழைந்தால், மரக் களஞ்சியங்கள் ஒவ்வொன்றும் வட்ட வட்டக் கற்பலகைகளின் மேல் நிற்கும். தானியத்துக்கு எலி ஏறாமல் தடுக்க அந்தக் காலத்தார் செய்த ஏற்பாடு. எனக்கு மாட்டர்ஹார்னுக்கு அடுத்தபடி இங்கே பிடித்தது இந்தக் கற்கள்தான்!

ஒரே ஒரு யோசனை: முதல் கேபிள் காரை விடாதீர்கள். ராத்திரி முழுக்க இழுத்த அந்தக் கோடுகள் யாரும் தொடாமல் அப்படியே கிடக்கும். சறுக்கினால் காலுக்கடியில் 'விர்ர்' என்று அதிரும். கொஞ்ச நேரத்தில் கூட்டம் வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும், ஆகவே காலைச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடியுங்கள்!