வெள்ளம் வடிந்தது, சுவர் காய்ந்ததா?

மாணவர்களே, 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கிறதா? நீர் வடிந்தபின் மெத்தைகளும் அலமாரிகளும் சாலையோரத்தில் குவிந்து கிடந்தன. சேற்றைக் கழுவிவிட்டுச் சன்னல்களைத் திறந்து வைத்தால் வீடு தானே காய்ந்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். நம் நாட்டு வானிலையில் அது எப்போதும் நடப்பதில்லை. ஏன் தெரியுமா?

காய்தல் என்பது நீர் ஆவியாகிக் காற்றில் கலப்பது. அதற்குக் காற்றில் இடம் வேண்டும். 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத்தான் கொள்ளும். ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காடாக இருந்தால் இன்னும் 12 கிராமுக்கு இடமுண்டு. 90 விழுக்காடாக இருந்தால் 3 கிராமுக்கு மட்டுமே! மழை பெய்யும் இரவுகளில் நம் ஊர்க் காற்றின் நிலை பெரும்பாலும் இதுதான். அப்போது சன்னலைத் திறந்தால் ஈரக்காற்றைத்தான் உள்ளே அழைக்கிறோம்.

ஆகவே, வெயில் அடிக்கும் பிற்பகலில் சன்னல்களைத் திறந்து மின்விசிறியைச் சுழல விடுங்கள். சுவரை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அது விலக்கிவிடும். இரவிலும் மழையிலும் சன்னல்களை அடைத்து, குளிர்சாதனத்தை இயக்கலாம். அதனுள் இருக்கும் குளிர்ந்த சுருள்களில் நீராவி நீராக மாறி, குழாய்வழி வெளியே சொட்டும். ஆனால், ஒன்றை மறவாதீர்கள்: நீரில் மூழ்கிய மின்செருகிகளையும் கம்பிகளையும் மின்பணியாளர் சோதிக்கும்வரை எந்த விசையையும் தொடக்கூடாது.

காலம் தாழ்த்தவும் கூடாது. பூஞ்சணத்தின் நுண்வித்துகள் எப்போதும் காற்றில் மிதக்கின்றன. ஈரமான மெத்தை, மரப்பலகை ஆகியவற்றில் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் அவை வளரத் தொடங்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது மூச்சுத் திணறலைத் தூண்டும். எனவே, வெள்ளநீரில் ஊறிய மெத்தையைக் காயவைத்துப் பயன்படுத்துவதைவிட வீசிவிடுவதே நல்லது.

சுவரோ நம்மை ஏமாற்றும். செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும் நுண்துளைகள் வழியே நீரை உறிஞ்சி வைத்திருக்கும். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டுச் சாயம் பூசினால் அது கொப்பளித்து உரியும்.

இதோ, ஓர் எளிய சோதனை. தெளிவான நெகிழித்தாள் ஒன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டுங்கள். மறுநாள் தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் தெரிந்தால் சுவர் இன்னும் காயவில்லை. சாயம் பூச நினைக்கும் அப்பாவிடம் அதைக் காட்டுங்கள்.