காலிமுகத்திடலில் ஒரு கொல்ஃப் மைதானம்

காலிமுகத்திடல் என்றதும் எங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது 1956. அதற்கு முன்னர் அங்கு ஒரு கொல்ஃப் மைதானம் இருந்து மறைந்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. பேசவேண்டியிருக்கிறது. அந்த நிலத்தில் யார், எதற்காக நிற்கலாம் என்பதை யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது.

திடல் இயற்கையாக வெறுமையாகக் கிடந்த நிலமல்ல. கோட்டைப் பீரங்கிகளுக்கு முன்னால் மறைப்பு எதுவும் இருக்கக்கூடாதென்று ஒல்லாந்தர் அதை வெளியாக வைத்திருந்தனர். ஆங்கிலேயர் அங்கே குதிரைப்பந்தயம் நடத்தினர். 1859இல் தேசாதிபதி ஹென்றி வார்ட் கடலோர நடைபாதையைக் கட்டிமுடித்தார். கொழும்பின் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் அதைப் பேணும்படி பின்வருவோரைக் கேட்கும் கல் இன்றும் அங்கே நிற்கிறது. 1880இல் கொழும்பு கொல்ஃப் கழகம் உருவானபோது அதற்கு மைதானமானதும் இத்திடலே.

கொல்ஃப் பொதுவெளிக்குப் பொருந்தாத ஆட்டம். கடினமான சிறு பந்தை நெடுந்தூரம் அடிப்பதற்கு ஆளற்ற நிலம் வேண்டும். நடப்பவரும் குதிரையில் வருபவரும் கூடும் இடத்தில் அது நெடுநாள் நிலைக்க முடியாது. 1896இல் கழகம் பொரளைப் பக்கமாக, தேசாதிபதி ரிட்ஜ்வேயின் பெயர் தாங்கிய புதிய மைதானத்துக்குப் போய்விட்டது. 1928இல் 'றோயல்' பட்டமும் கிடைத்தது. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை அந்த மைதானத்தின் ஊடாகவே செல்கிறது. புகையிரதம் வரும்போது ஆட்டக்காரர் காத்துநிற்பர்.

ஆக, இங்கு மறைவு என்பது ஓர் இடமாற்றமே. ஆட்டம் இடத்தை இழந்தது. நிலத்தையும் பெயரையும் பட்டத்தையும் பெற்றுக்கொண்டது.

1956 யூன் 5ஆம் திகதி, சிங்களம் மட்டும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் அதே திடலில் சத்தியாக்கிரகம் இருந்தனர். காடையர் தாக்கினர், பொலிசார் பார்த்துநின்றனர். அமிர்தலிங்கத்தின் தலையில் காயம். விரட்டப்பட்ட இவர்களுக்கு மாற்றுநிலம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. அவர்களுக்கென்று அங்கே ஒரு கல்லும் இல்லை.

விரிவுரையாளனாக இருந்த காலத்தில் 'பொதுவெளி' என்ற சொல்லை மாணவருக்கு இலகுவாக விளக்கிவிடுவேன். இன்று அந்நிய நாட்டுத் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கு, ஓரிடத்தில் நிற்பதற்கும் அங்கே நிற்க உரிமையிருப்பதற்கும் உள்ள வேறுபாடு விளக்கமின்றியே புரிகிறது.

2022 ஏப்ரலில் திடல் மீண்டும் மக்களால் நிரம்பியது. மே 18இல் அங்கே முள்ளிவாய்க்காலில் இறந்தோர் நினைவுகூரப்பட்டனர், கஞ்சி பகிரப்பட்டது. 1956இன் கணக்கு இதனால் தீர்ந்துவிட்டது என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. அந்த நிகழ்வின் பெறுமதியை நான் குறைக்கவில்லை. ஆனால் யூலை 22 அதிகாலையில் இராணுவம் வந்து போராட்டக்காரரை விரட்டியதையும் சேர்த்தே எண்ணவேண்டும். பீரங்கிக்காகத் திறந்துவைக்கப்பட்ட நிலம் அது. திறந்திருப்பதனாலேயே ஒரு வெளி பொதுவெளியாகிவிடாது. அங்கே நிற்பவரை அகற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே அதை முடிவுசெய்கிறது.