நோயாளியின் அனுபவமும் சான்றே

காசநோய் குணமாகிவிட்டது, ஆனால், அந்த நல்ல செய்தியைக் கேட்கச் செவித்திறன் இல்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயிலிருந்து மீண்டவர்களில் பலருக்கு நேர்ந்த துயரம் இது. காரணம் நோயன்று, நெடுங்காலம் சிகிச்சையில் இடம்பெற்றிருந்த கனாமைசின் ஊசி மருந்து.

உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்களை இம்மருந்து அழிக்கக்கூடும். மனிதர்களுக்கு அச்செல்கள் மீண்டும் வளர்வதில்லை. முதலில் மிக உயர்ந்த சுருதி ஒலிகளே கேட்காமல் போவதால், அன்றாடப் பேச்சைக் கேட்க முடிகிறவர் இழப்பை உணர்வதில்லை. அவர் உணரும்போது பாதிப்பு முற்றியிருக்கும்.

மருந்து ஆய்வுகள் பெரும்பாலும் கிருமி ஒழிந்ததா, நோயாளி பிழைத்தாரா என்றே கேட்கின்றன. ஆய்வுக் காலம் முடிந்ததும் பதிவேடு மூடப்படுகிறது. அதன் பிறகும் தொடரும் துன்பத்தை அறிந்தவர் நோயாளி மட்டுமே. ஆகவேதான், நீடித்த பக்கவிளைவுகள் குறித்த ஆய்வில் அவர் பங்காளியாக வேண்டும்.

இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன் 2013-இல் காசநோய்ச் சிகிச்சையின்போது செவித்திறனை இழந்தார். தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேவுக்கும் அதே இழப்பு. ஊசிக்கு மாற்றான பெடாகுயிலின் மாத்திரைக்குக் காப்புரிமையை நீட்டிக்கக் கோரிய விண்ணப்பத்தை இருவரும் இந்தியாவில் எதிர்த்தனர். 2023 மார்ச்சில் அது நிராகரிக்கப்பட்டது. முன்னதாக 2018-இல், கனாமைசினை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. அதே ஆண்டு ஐரோப்பிய மருந்து முகமை, சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளால் நீடித்த நரம்பு, தசைநாண் பாதிப்புக்கு ஆளானோரைப் பொது விசாரணையில் பேசச் செய்தது. பின்னர் அம்மருந்துகளின் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன.

எனினும், புதிய மருந்துகளும் தீங்கற்றவை அல்ல. லினசோலிட் கால்களில் மரத்துப்போதலையும் எரிச்சலையும் உண்டாக்கக்கூடும். 2022-இல் வெளியான ‘ஜெனிக்ஸ்’ ஆய்வில், 26 வாரங்கள் நாள்தோறும் 1,200 மில்லிகிராம் பெற்றவர்களில் 38 விழுக்காட்டினருக்கு நரம்பு பாதிப்பு ஏற்பட்டது. 600 மில்லிகிராம் பெற்றவர்களில் இது 24 விழுக்காடு. குணமானோர் விகிதமோ முறையே 93, 91. பக்கவிளைவை ஆய்வின் மையக் கேள்வியாக்கினால் விடை கிடைக்கும் என்பதற்கு இதுவே சான்று.

பெரம்பலூரின் பருத்திக் காட்டில் களையெடுப்பவருக்குப் பாதம் மரத்துப்போனால், முள் தைத்ததும் தெரியாது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியை ஓட்டுபவருக்குச் செவி மந்தமானால், பிழைப்பே போய்விடும். மருந்து நின்றபின் எத்தனை மாதத்தில் வேலைக்குத் திரும்பலாம் என்பதே அவர்களின் கேள்வி. ஆய்வுக்கூடத்தில் எவரும் அதைக் கேட்பதில்லை.

இந்தியாவின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-இல் தொடங்கியது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே பக்கவிளைவைத் தெரிவிக்கலாம். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இவ்விரு மாவட்டங்களிலும் நோயிலிருந்து மீண்டவர்கள் குழுவாகச் சேர்ந்து கேள்விகளை வகுக்கலாம். கல்லூரி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களின் செவித்திறனையும் பாத உணர்வையும் சோதித்துப் பதியலாம். முடிவுகள் முதலில் அவர்களுக்கே தமிழில் சொல்லப்பட வேண்டும். பெயர்கள் வெளியாகாமல் காக்கப்பட வேண்டும்.

அனுபவம் மட்டுமே முடிந்த தீர்ப்பாகாது என்பதும் உண்மை. நீரிழிவாலும் மதுவாலும்கூடப் பாதம் மரத்துப்போகும். எது மருந்தால் வந்தது என்பதை ஒப்பிட்டுப் பிரித்தறிய அறிவியலாளர் தேவை. அச்சத்தால் மருந்தைத் தாமாக நிறுத்துவது அதைவிட ஆபத்து; மருத்துவரிடம் உடனே சொல்வதே வழி.

சென்னையில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்றாலும் குணமடையலாம் என்று உலகுக்கு நிறுவியது. சிகிச்சையை நோயாளியின் வீட்டுக்குக் கொண்டுசென்ற தமிழகம், ஆய்வின் கேள்விகளை அவர் வீட்டிலிருந்து பெற்றுவரவும் முன்வர வேண்டும்.