உங்களுக்குத் தெரியுமா? மருந்துக்கடையில் பிறந்த கோலா!

கோகோ-கோலா முதன்முதலில் விற்பனைக்கு வந்தது ஒரு மருந்துக்கடையில்!

அமெரிக்க உள்நாட்டுப் போரின் இறுதி நாட்களில், 1865 ஏப்ரலில், கொலம்பஸ் நகரில் நடந்த சண்டையில் ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்தாளுநருக்கு வாள்வெட்டு விழுந்தது. வலிக்காக எடுத்துக்கொண்ட மார்ஃபின் அவரை அடிமையாக்கிவிட்டது. மாற்று தேடி அலைந்தவர், கோகா இலைச் சாறும் கோலா கொட்டையும் சேர்ந்த ஒயினை டானிக்காகத் தயாரித்தார். அது நன்றாகவே விற்றது. அதற்குள் அவர் வசித்த அட்லாண்டாவில் மதுவிலக்கு! ஒயினுக்குப் பதில் சர்க்கரைப் பாகைச் சேர்த்தார். கோகா இலையும் கோலா கொட்டையும் தொடர்ந்தன. 1886 மே 8 அன்று, ஜேக்கப்ஸ் மருந்துக்கடையில் சோடா கலந்து, கோப்பை 5 சென்ட்டுக்குக் கொடுத்தார்கள். தலைவலிக்கும் களைப்புக்கும் நல்லது என்பதுதான் விளம்பரம்.

முதல் ஆண்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 9 கோப்பைதான் போனது.

 

பெம்பர்ட்டனின் முடிவுதான் மனதைப் பிசைகிறது. உரிமைகளைச் சிறுகச் சிறுக விற்றுவிட்டு, 1888இல் அவர் இறந்துபோனார். தன் பானம் உலகைச் சுற்றியதை அவர் பார்க்கவே இல்லை.

அடுத்த முறை அந்தப் பாட்டில் கண்ணில் பட்டால், பெயரைக் கவனியுங்கள். பெயரைச் சூட்டி, அந்த வளைந்த எழுத்தையும் வரைந்தவர் பெம்பர்ட்டனின் கணக்காளர் ஃபிராங்க் ராபின்சன்.