கடைக்கு ஒரு முதலாளி, வைஃபைக்கு ஒரு தலைமைப் பெட்டி



விருதுநகரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம் செய்து வருபவன் நான். சரக்கு, விலை, வரி என்று எழுத வேண்டியவன் இந்த முறை வைஃபை பற்றி எழுத வந்திருக்கிறேன். பள்ளிப் படிப்போடு நின்றவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். படித்தவர் சொல்வதைவிடப் பட்டவர் சொல்வது சில நேரம் கூடுதலாக உதவும். என் கடையில் ஏறத்தாழ ஓராண்டு நான் பட்ட அவதியை மற்றவர்கள் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம்மில் பலருக்கும் முன்னால் கடை, பின்னால் கிட்டங்கி, மாடியில் வீடு. மூன்றுக்கும் சேர்த்து இணைய இணைப்பு ஒன்றுதான். முன்பு ஒரு டெலிபோனும் பேரேடும் இருந்தால் வியாபாரம் நடந்தது. இன்று பில் போட, ஜி.எஸ்.டி. கணக்குக் காட்ட, இ-வே பில் எடுக்க, கேமராவில் கிட்டங்கியைப் பார்க்க என்று எல்லாவற்றுக்கும் இணையம் வேண்டும். அது நின்றால் கல்லா நின்ற மாதிரிதான்.

மூன்று பெட்டி வந்த கதை

ஃபைபர் இணைப்புக் கொடுத்தவர்கள் மாடி வராண்டாவை ஒட்டி ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். எங்களுடையது பழைய வீடு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக ஒன்றரை அடிச் சுவர். மாடியில் நன்றாக எடுத்த வைஃபை கீழே கடைக்கு வரவில்லை. என் மகன் ஒரு ரூட்டர் வாங்கி, மாடியிலிருந்து வயர் இழுத்து, கல்லாவுக்கு மேலே வைத்தார். சில மாதம் கழித்துக் கிட்டங்கியில் எடை போடும் இடத்திலும் வேண்டும் என்றார்கள். பிளக்கில் செருகுகிற ரிப்பீட்டர் ஒன்று வந்தது. பெட்டி மூன்று, பெயரும் மூன்று.

பெட்டி கூடக்கூட வேகமும் கூடும் என்றுதான் நினைத்தேன். நடந்தது வேறு. காலையில் வேலை செய்யும், மதியம் செய்யாது. மாடியில் பேரன் பாடம் பார்ப்பான், கீழே பில் ஏறாது. செல்போனில் 'இணைப்பு உள்ளது, இணையம் இல்லை' என்று வரும். கரண்ட் போய் வந்தால் ஒரு நாள் தானாகச் சரியாகும், மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. கூடுதல் பணம் கட்டி அதிக வேகமுள்ள திட்டத்துக்கு மாறினேன். அதிலும் பயனில்லை.

ஒரு நாள் மாலை பெங்களூருக்கு வத்தல் ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது. வெளிமாநிலத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போகிற சரக்கு, இ-வே பில் இல்லாமல் நகர்த்த முடியாது. கம்ப்யூட்டரில் பக்கம் திறக்கவே இல்லை. டிரைவர் அவசரப்படுத்துகிறார். எனக்குக் கோபம் தலைக்கேறி, லோடுமேன்கள் முன்னிலையிலேயே கணக்குப்பிள்ளையைப் பார்த்து, "நீங்கதான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டீங்க" என்று சத்தம் போட்டுவிட்டேன். "அண்ணாச்சி, நான் ஒண்ணையும் தொடலை. காலையில நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அவர். கடைசியில் மகன் வந்து தன் செல்போன் இணையத்தில் பில் எடுத்துக் கொடுத்தார். லாரி இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது.

மறுநாள் காலை கணக்குப்பிள்ளை சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "சின்ன வயசுப் பையனா ஒருத்தரைப் போட்டுக்கோங்க அண்ணாச்சி, இது எனக்குச் சரிப்படாது" என்றார். இருபத்திரண்டு வருடம் ஒரு பைசா கணக்குத் தப்பாமல் எழுதியவர். ஒரு வாரம் பொறுங்கள் என்று கேட்டு நிறுத்திவைத்தேன்.

நோய் எங்கே இருந்தது?

அந்த வாரக் கடைசியில் என் தங்கை மகன் ஊருக்கு வந்திருந்தார். கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர். அவர் முதலில் செய்த காரியம், தன் லேப்டாப்பை மாடிப் பெட்டியோடு வயர் போட்டு நேராக இணைத்துப் பார்த்ததுதான். முழு வேகமும் வந்தது. "கம்பெனி லைன்ல குறை இல்லை மாமா. குறை நம்ம வீட்டுக்குள்ளதான்" என்றார். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "ஒரே கடையில ரெண்டு பேர் பில் புத்தகம் வச்சுக்கிட்டு, ஒருத்தரை ஒருத்தர் கேட்காம நம்பர் போட்டா என்ன ஆகும் மாமா?"

அதுதான் நடந்திருக்கிறது. வைஃபையில் சேரும் ஒவ்வொரு செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ரூட்டர் ஒரு எண் கொடுக்கிறது. வெளியே போகும் வழி எது என்றும் அதுவே சொல்கிறது. இந்த வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். கம்பெனி மாட்டிய பெட்டியே ஒரு ரூட்டர்தான், அது இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. மகன் வாங்கிய ரூட்டரும் அதே வேலையைச் செய்தது. இரண்டையும் வயரால் இணைத்துவிட்டதால், யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் கொடுத்த எண்தான் கிடைக்கும். மாடிப் பெட்டி எண் கொடுத்தால் இணையம் வரும். கல்லாப் பெட்டி கொடுத்தால், "வழி என் மூலமாகத்தான்" என்று அது சொல்லும். ஆனால் அதற்கு வெளியே போக வழியே கிடையாது. இணைப்பு உண்டு, இணையம் இல்லை என்பதன் பொருள் இதுதான். கரண்ட் போய் வரும்போது ஒரு நாள் நல்லதாகவும் ஒரு நாள் கெட்டதாகவும் இருந்ததற்கும் இதுவே காரணம். கணக்குப்பிள்ளை மேல் எள்ளளவும் தவறில்லை.

சில கடைகளில் இரண்டாவது ரூட்டரின் 'வேன்' என்ற துளையில் வயரைச் செருகியிருப்பார்கள். அங்கே இணையம் வரும். ஆனால் வீடு ஒரு தனி உலகம், கடை ஒரு தனி உலகம் ஆகிவிடும். மாடியில் இருக்கும் பிரிண்டரைக் கடைக் கம்ப்யூட்டர் தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான்.

சரி செய்த முறை

1. தலைமைப் பெட்டி ஒன்றே ஒன்று என்று முடிவு செய்ய வேண்டும். எங்களுக்கு அது கம்பெனிப் பெட்டி. எண் கொடுக்கும் அதிகாரம் அதற்கு மட்டும்தான்.

2. இரண்டாவது ரூட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்ற வேண்டும். இப்போது வரும் பல ரூட்டர்களில் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதன்பின் அது வைஃபையைப் பரப்பும் வேலையை மட்டும் செய்யும்.

3. அந்தத் தேர்வு இல்லாத பழைய ரூட்டராக இருந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். அதன் சொந்த எண்ணை மாற்ற வேண்டும். தலைமைப் பெட்டியின் எண் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று வைக்கலாம். தலைமைப் பெட்டி மற்றவர்களுக்கு வழங்கும் எண்களுக்குள் இந்த 2 வராதபடி, வழங்குவதை 100-இலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டாவதில் டி.எச்.சி.பி.யை நிறுத்திவிட்டு, வயரை வேன் துளையில் செருகாமல் 'லேன்' துளையில் செருக வேண்டும்.

4. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே ரகசிய எண், ஒரே பாதுகாப்பு முறை. அப்போது செல்போனோடு கடையிலிருந்து மாடிக்கு ஏறினால், பெரும்பாலும் அதுவே அடுத்த பெட்டிக்கு மாறிக்கொள்ளும். தூரத்துப் பெட்டியையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் பெட்டிகளின் சக்தியைச் சற்றுக் குறைத்து வைக்கலாம்.

5. பெயர் ஒன்றாக இருந்தாலும் சேனல் வேறாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. மூன்று பெட்டிக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தோம். சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், ஆனால் தடித்த சுவரைத் தாண்டும் திறன் குறைவு. பக்கத்தில் இருக்கும் பில் கம்ப்யூட்டருக்கு 5, தூரத்துக் கேமராவுக்கு 2.4 என்று பிரித்துக்கொண்டோம்.

ரிப்பீட்டர் எங்கே உதவும்?

சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலையில் வாங்கி, அதே அலையில் திருப்பிச் சொல்கிறது. ஒரே ஆள் சரக்கை வாங்கவும் கொடுக்கவும் நின்றால் வேலை பாதியாவது போல, வேகமும் பாதிக்குப் பாதி குறையும். வைஃபை எட்டாத இடத்திலேயே அதைச் செருகுவது இன்னொரு தவறு. கேட்காத காதுக்காரரிடம் செய்தி சொல்லி அனுப்பினால் அவர் எதைச் சொல்வார்? நடுவழியில், நன்றாக எடுக்கிற இடத்தில்தான் அதை வைக்க வேண்டும். நாங்கள் ரிப்பீட்டரை எடுத்துவிட்டு, கிட்டங்கிக்கும் வயர் இழுத்து ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வைத்துவிட்டோம். 'மெஷ்' என்று ஜோடியாக விற்கும் பெட்டிகளும் நல்லவைதான். ஆனால் கம்பெனிப் பெட்டியே தலைமை என்றால் மெஷ்ஷையும் ஆக்சஸ் பாயிண்ட் முறையில்தான் வைக்க வேண்டும்.

வயரும் கரண்டும்

வயர் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். முழுச் செம்புக் கம்பி உள்ள 'கேட் 6' வயரை வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது மலிவாகக் கிடைக்கும், அதை நம்ப முடியாது. ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை போகலாம். கரண்ட் வயர் போகும் பைப்புக்குள் இதையும் சேர்த்துத் திணிக்கக்கூடாது.

பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னாலும், பிரிட்ஜுக்குப் பக்கத்திலும், மூட்டை அடுக்குக்கு நடுவிலும் ஒளித்து வைக்காமல், உயரத்தில் காற்றோட்டமாக வையுங்கள். கரண்ட் போனால் கல்லாப் பெட்டிக்கு யு.பி.எஸ். இருந்து, மாடிப் பெட்டிக்கு இல்லையென்றால் பயனில்லை. எல்லாப் பெட்டிக்கும் இருக்க வேண்டும். ரூட்டருக்கான சிறிய யு.பி.எஸ். வாங்கும்போது, அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

கடைக்கு வருகிறவர்களுக்கு வைஃபை கொடுப்பதாக இருந்தால் 'கெஸ்ட்' என்ற தனி இணைப்பைக் கொடுங்கள். கணக்கு இருக்கும் இணைப்பின் ரகசிய எண்ணைக் கொடுக்க வேண்டாம். ரூட்டரைத் திறக்கும் ரகசிய எண்ணையும் வாங்கியபோது இருந்தபடியே விட்டுவிடாதீர்கள்.

கோளாறு வந்தால் யாரையும் திட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். கம்பெனிப் பெட்டியில் வயர் போட்டுப் பாருங்கள். அங்கேயும் இணையம் வராமல், 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கும் எரிந்தால் குறை வெளியே, கம்பெனியைக் கூப்பிடலாம். அங்கே நன்றாக வந்தால் குறை நம் வீட்டுக்குள்.

எல்லாம் சரியான அன்று லோடுமேன்கள் இருக்கும்போதே கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "தப்பு என்னுடையது" என்று சொன்னேன். சத்தம் போட்டது எல்லார் முன்னிலையில், மன்னிப்பும் அப்படித்தானே கேட்க வேண்டும்? அவர் ஒன்றும் பேசவில்லை, மேஜையில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டார். எந்தப் பெட்டிக்கு என்ன எண், என்ன சேனல் என்று ஒரு தாளில் எழுதி இப்போது கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருப்பவரும் அவர்தான்.

வணிக நண்பர்களே, அடுத்த பெட்டி வாங்கக் கிளம்புவதற்கு முன், இருக்கிற பெட்டிகளில் யார் முதலாளி என்று பாருங்கள். ஒரு உறையில் இரண்டு வாள் இருந்தால் மூன்றாவது வாள் வாங்கி என்ன பயன்?